கடைசியாகப் பேசியது யார்?

"மாமா, நூறு சதவீதம் காப்பி ஆயிடுச்சுன்னு காட்டுச்சு. பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டு ஆன் பண்ணினா விண்டோஸ் ஏறவே மாட்டேங்குது."

இரவு பத்தரை மணிக்கு மச்சினனின் போன். டிடிபி கடை வைத்திருக்கிறான். எட்டு வருடம் ஓடிய ஹார்ட் டிஸ்க் கரகரக்கத் தொடங்கியதும், புது எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, சி டிரைவை அப்படியே அதற்கு நகலெடுத்திருக்கிறான். மறுநாள் காலை ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயாக வேண்டும். குரல் கம்மியிருந்தது.

"திரையில என்ன எழுதியிருக்கு?"

"என்னமோ இங்கிலீஷ்ல ஒரு வரி."

"அந்த வரியை அப்படியே படி."

பூட் செய்யச் சாதனம் எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள்படும் வரியைப் படித்தான். கூடவே இன்னொன்றும் சொன்னான். "ரெண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தப்ப நல்லாத்தான் ஏறுச்சு மாமா. அந்த தைரியத்துலதான் கழட்டினேன்."

"அப்போ வேகம் கூடியிருந்துச்சா?"

கொஞ்சம் யோசித்தான். "இல்ல, எப்பவும்போலத்தான்."

இந்த மூன்று விடைகளிலேயே பழுது எங்கே என்பது தெரிந்துவிட்டது. எப்படி என்று சொல்ல, கணினி எழுந்துவரும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் விண்டோஸோ லினக்ஸோ நேரே எழுந்து வருவதில்லை. முதலில் விழிப்பது மதர்போர்டின் சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கும் நிரல். பழைய கணினிகளில் அது பயாஸ். 2012இல் விண்டோஸ் 8 வந்ததையொட்டிப் பரவலாகிவிட்ட புதியவகை யூஇஎஃப்ஐ. அது நினைவகத்தையும் மற்றவற்றையும் சரிபார்த்துவிட்டு, டிஸ்க்கில் பூட்லோடர் என்ற சின்ன நிரலைத் தேடிப் பிடித்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். பூட்லோடர், இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தேடி எழுப்பும். கெர்னல் தன் கோப்புகள் குடியிருக்கும் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பாகத்தைத் தேடும். அங்கிருந்துதான் மற்ற சேவைகள், கடவுச்சொல் கேட்கும் திரை, நாம் பார்த்துப் பழகிய மேசை எல்லாம் வரும். இந்த வரிசையில் ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் இருக்கும் இடம் மட்டுமே தெரியும். ஒப்படைத்தவர் ஒதுங்கிவிடுவார், அடுத்தவர் தடுமாறினாலும் பெரும்பாலும் திரும்பி வரமாட்டார்.

அதனால் நின்றுபோன கணினி முன் உட்கார்ந்ததும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றைத்தான்: இந்தத் திரையில் கடைசியாகப் பேசியது யார்? பேசியவர் வரைக்கும் எல்லாம் நலம். பழுது அவருக்கும் அவர் தேடிய அடுத்தவருக்கும் நடுவில் இருக்கிறது. சாதனமே இல்லை என்றால் அது மதர்போர்டின் குரல், பூட்லோடரே கிடைக்கவில்லை. 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்தால் லினக்ஸின் பூட்லோடர் பாதி எழுந்து, தன் மறுபாதியைக் காணாமல் தவிக்கிறது. நீலத் திரையில் 0xc000000e போன்ற எண்ணோடு தேவையான சாதனத்தை அணுக முடியவில்லை என்று வந்தால் விண்டோஸின் பூட்லோடர் எழுந்துவிட்டது, விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனைத்தான் காணவில்லை. எல்லாம் ஒரே 'ஏறல'தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

"ஃபார்மட் பண்ணிடலாம்" என்று எடுத்த எடுப்பில் சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வருடக்கணக்காகச் சேர்த்த எழுத்துருக்கள், பிரிண்டருக்குப் பார்த்துப் பார்த்து வைத்த அமைப்புகள், மறுபடி நிறுவினால் உரிமம் கேட்கும் மென்பொருள்கள், எல்லாம் நகலில் பத்திரமாக இருக்கின்றன. காணாமல் போனது பெரும்பாலும் ஒரு முகவரி மட்டும்.

முகவரி என்று ஏன் சொல்கிறேன்? பத்திரத்தில் ஒரு நிலத்தை இரண்டு விதமாக அடையாளம் காட்டுவார்கள். ஒன்று நான்கெல்லை, பத்திர மொழியில் செக்குபந்தி: இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு. இன்னொன்று சர்வே எண். டிஸ்க்கிலும் இதே இரண்டு வழிகள்தான் உண்டு. 'இந்த டிஸ்க்கில் இத்தனையாவது செக்டரில் தொடங்கும் பார்ட்டிஷன்' என்பது எல்லையைச் சொல்வது. 'இந்த அடையாள எண் கொண்ட பார்ட்டிஷன்' என்பது சர்வே எண்ணைச் சொல்வது. நகலெடுக்கும்போது இடம் மாறுகிறது. பல சமயம் எண்ணும் மாறுகிறது. வீடு செங்கல் பிசகாமல் வந்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்குள் பீரோவில் இருக்கும் பத்திரத்தில் பழைய எல்லையும் பழைய எண்ணுமே எழுதியிருக்கின்றன. பூட்லோடர் அந்தப் பத்திரத்தைப் படித்துவிட்டுப் பழைய ஊருக்கே போய்த் தேடுகிறது.

பயாஸ் காலத்து டிஸ்க்கின் முதல் செக்டரை அருகில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மொத்தம் 512 பைட். இந்தப் பத்தியில் பாதியைக்கூட அதில் எழுதி வைக்க முடியாது. அதில் முதல் 446 பைட் பூட் நிரலுக்கான இடம். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, அதாவது டிஸ்க்கின் பாகப்பிரிவினைப் பத்திரம். ஒரு பாகத்துக்கு 16 பைட் வீதம் நான்கே பாகங்களுக்கு இடம். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்ற முத்திரை; இது இல்லையென்றால் அந்த டிஸ்க்கிலிருந்து ஏற முடியாது. 1983இல் பிசி டாஸ் 2.0 ஹார்ட் டிஸ்க்கோடு வந்தபோது உருவான ஏற்பாடு இது. பல பத்தாண்டுகள் கோடிக்கணக்கான கணினிகள் இந்த 512 பைட்டைத் தொட்டுத்தான் எழுந்தன.

கவனிக்க வேண்டியது, இந்த முதல் செக்டர் எந்தப் பார்ட்டிஷனுக்கும் உள்ளே இல்லை. வீடுகளுக்கு முன்னால் உள்ள ஊர்ப்பலகை போல வெளியே நிற்கிறது. சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் அது வராது. லினக்ஸின் கிரப் இன்னும் ஒரு படி போய், தன் உடம்பின் ஒரு பகுதியை முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் வைத்திருக்கும். கோப்பாக எங்கும் கண்ணில் படாத இடம் அது. கோப்புகளை ஒன்று விடாமல் எண்ணி எடுத்துவந்தவர்கூட அதை விட்டுவிட்டுத்தான் வருவார்.

இன்னொரு நுட்பம். பார்ட்டிஷனுக்கு உள்ளேயும் ஒரு முதல் செக்டர் உண்டு. என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் அங்கே நான்கு பைட்டில் 'எனக்கு முன்னால் எத்தனை செக்டர்கள் இருக்கின்றன' என்ற குறிப்பு இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை முதல் பார்ட்டிஷன் வழக்கமாக 63ஆவது செக்டரில் தொடங்கும். விஸ்டா வந்தபின் 2048ஆவது செக்டருக்கு, அதாவது டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து சரியாக ஒரு மெபிபைட் தள்ளி மாற்றிவிட்டார்கள். பழைய எக்ஸ்பி பார்ட்டிஷனைப் புதிய கருவியால் பிரித்த டிஸ்க்குக்கு நகலெடுத்தால், வீடு 2048இல் நிற்கும். குறிப்பு 63 என்றே இருக்கும். பூட் நிரல் அந்தக் குறிப்பை நம்பிக் கணக்குப் போட்டு, வெற்றிடத்தைப் படித்துவிட்டு, டிஸ்க்கைப் படிப்பதில் பிழை என்று சொல்லி நின்றுவிடும். டிஸ்க்கில் ஒரு கீறலும் இருக்காது. ஹெக்ஸ் எடிட்டரில் அந்த இடத்தைத் திறந்தால் 3எஃப் 00 00 00 என்று இருப்பதைக் காணலாம். அதை 00 08 00 00 என்று மாற்றினால் கணினி எழுந்துவிடும். மாறியது உண்மையில் இரண்டே பைட். இதை முதன்முதலில் செய்து பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டிஸ்க் போய்விட்டது என்று எழுதிக்கொடுக்கவே தயாராக இருந்தேன்.

எக்ஸ்பியில் இதைவிட வினோதமான நோய் ஒன்று உண்டு. விண்டோஸ் முழுக்க ஏறும். வரவேற்புத் திரை வரும். கடவுச்சொல் கொடுத்தால் உங்கள் அமைப்புகளை ஏற்றுகிறேன் என்று சொல்லும். அடுத்த நொடியே அமைப்புகளைச் சேமிக்கிறேன் என்று சொல்லி, மறுபடி வரவேற்புத் திரைக்கே தள்ளிவிடும். எத்தனை முறை நுழைந்தாலும் இதே கதை. வைரஸ் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

காரணம் ஒரு பட்டியல். எந்தப் பார்ட்டிஷனுக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைக்கிறது. பழைய வகை டிஸ்க்குகளுக்கு அந்தக் குறிப்பு 12 பைட்: டிஸ்க்கின் கையொப்பம் 4, பார்ட்டிஷன் தொடங்கும் இடம் 8. சர்வே எண்ணும் எல்லையும் சேர்ந்தே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நகலை முதன்முறை ஓட்டும்போது பழைய டிஸ்க்கும் கூடவே மாட்டியிருந்தால், பட்டியலின்படி சி என்ற எழுத்து பழையதற்கே போய்விடும். நகலுக்கு வேறு எழுத்து கிடைக்கும். பழையது உடனிருக்கும் வரை எதுவும் தெரியாது. நகல் பாதிச் சாப்பாட்டைப் பழைய வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பழையதைக் கழற்றினால் சி என்றே ஒன்று இல்லை. உள்ளே நுழைந்ததும் நம் மேசையைத் தயார்செய்யும் சிறு நிரலின் முகவரியோ சி என்ற எழுத்தில்தான் தொடங்குகிறது. அது கிடைக்காததால் விண்டோஸ் நம்மை வாசலுக்கே திருப்பி அனுப்புகிறது. வேறு கணினியிலிருந்து அந்த ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, பழைய குறிப்புகளை நீக்கிவிட்டால் எழுத்துகள் புதிதாக வழங்கப்படும். இன்றைய நகல் மென்பொருள்கள் சில இந்தப் பட்டியலைத் தாமே திருத்திவிடுகின்றன. ஆனாலும் நகலின் முதல் ஓட்டத்தில் பழைய டிஸ்க் கூட இருக்கக் கூடாது என்ற விதியை நான் இன்றுவரை மீறுவதில்லை.

மச்சினன் சரியாக அதைத்தான் மீறியிருந்தான்.

அவனுடையது யூஇஎஃப்ஐ கணினி. அங்கே முதல் செக்டர் நிரலுக்கு வேலை இல்லை. டிஸ்க்கில் ஈஎஸ்பி என்ற சிறு பார்ட்டிஷன் தனியாக இருக்கும். விண்டோஸ் 10 நிறுவும்போது வழக்கமாக 100 எம்பி அளவில், ஃபேட்32 வடிவில் உருவாக்கும். எழுத்துப் பெயர் கிடையாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. பூட்லோடரின் குடியிருப்பு அதுதான். எந்த ஈஎஸ்பிக்குள் எந்தக் கோப்பை ஓட்ட வேண்டும் என்ற குறிப்பு டிஸ்க்கில்கூட இல்லை, மதர்போர்டின் நினைவில் இருக்கிறது. அதில் அந்தப் பார்ட்டிஷனின் 128 பிட் அடையாள எண்ணும் பதிந்திருக்கும். இனி அவன் சொன்ன மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சி டிரைவை மட்டும் நகலெடுத்தான், ஈஎஸ்பி வரவில்லை. இரண்டும் மாட்டியிருந்தபோது மதர்போர்டு பழைய டிஸ்க்கின் ஈஎஸ்பியை எழுப்பியது. அந்த பூட்லோடர் தன் குறிப்பில் இருந்த பழைய பார்ட்டிஷனை எழுப்பியது. அவன் புது எஸ்எஸ்டியில் ஓடுவதாக நம்பிய விண்டோஸ், பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடிய பழைய விண்டோஸேதான். அதனால்தான் வேகம் கூடவில்லை. எஸ்எஸ்டிக்கு மாறிய கணினி 'எப்பவும்போல' ஓடினால், அது மாறவே இல்லை என்று அர்த்தம்.

வீடியோ காலில் உட்கார்ந்தோம். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் ஏறி, ஷிஃப்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் கருப்புக் கட்டளைத் திரை வரும். அங்கே எழுத்துகளை நம்பக் கூடாது. நம்முடைய சி அங்கே டி என்றும் தெரியலாம். ஒவ்வொன்றாகத் திறந்து, விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்தோம். டிஸ்க்பார்ட் கருவியால் அந்தப் பார்ட்டிஷனைக் கொஞ்சம் சுருக்கி, மிஞ்சிய இடத்தில் ஈஎஸ்பி ஒன்றை உருவாக்கி, ஃபேட்32இல் ஃபார்மட் செய்து, எஸ் என்று எழுத்துக் கொடுத்தோம். பிறகு பிசிடிபூட் என்ற கட்டளை. விண்டோஸ் ஃபோல்டர் இருக்கும் இடத்தையும் எஸ் என்ற எழுத்தையும் சொன்னால், பூட்லோடர் கோப்புகளை அங்கே வைத்து, புதிய பார்ட்டிஷனின் எண்ணைக் குறிப்பில் எழுதி, மதர்போர்டின் நினைவிலும் பதிந்துவிடும். பூட் கோப்புகள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன என்று ஒரு வரி வந்தது.

"அவ்வளவுதானா மாமா?"

"பென் டிரைவை எடுத்துட்டு ஆன் பண்ணு."

அவன் ஆன் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் லினக்ஸ் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இந்த விவகாரம் மறைவில்லாமல், எழுத்தில் திறந்தே கிடக்கிறது. எனக்கு அது பிடிக்கும். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் யூயூஐடி என்ற எண் உண்டு. வழக்கமாக இடைக்கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து நீளம். அது கிரப்பின் அமைப்புக் கோப்பில் இருக்கும். எஃப்எஸ்டேப் என்ற சாதாரண உரைக்கோப்பிலும் இருக்கும். புது டிஸ்க்கில் புதிதாக ஃபார்மட் செய்து கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் புது எண் பிறந்துவிடும். உரைக்கோப்புகளில் பழைய எண்ணே இருக்கும்.

என் சொந்த டெபியனை ஒருமுறை அப்படி மாற்றினேன். லினக்ஸ் குடியிருக்கும் ரூட் பார்ட்டிஷனின் எண்ணை இரண்டு கோப்புகளிலும் கவனமாகத் திருத்தியிருந்தேன். ஏறியது, பாதியில் நின்றது. திரையில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமும் ஆட, ஒரு சாதனத்துக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி. பக்கத்தில் நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன. எல்லை ஒன்றரை நிமிடம். தொண்ணூறு நொடி முடிந்ததும் அவசர நிலைத் திரை. நான் திருத்தாமல் விட்டது ஈஎஸ்பியின் எண். ஃபேட்32க்கு நீண்ட எண் கிடையாது. நடுவே ஒரு கோடு போட்ட எட்டே எழுத்து. பெரிய எண்களையே தேடிய கண்ணுக்கு அந்தச் சின்ன எண் படவில்லை. பிஎல்கேஐடி என்ற கட்டளை டிஸ்க்கில் உண்மையாக உள்ள எண்களைக் காட்டும். அதை ஒரு தாளில் எழுதி, எஃப்எஸ்டேப்பைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. அன்றிலிருந்து தாளும் பேனாவும் இல்லாமல் இந்த வேலையைத் தொடுவதில்லை.

எண் மாறாமலிருந்தால் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. டிஸ்க்கைப் பைட் பைட்டாக நகலெடுத்தால் எண்களும் அப்படியே வரும். இரண்டு டிஸ்க்கும் ஒரே கணினியில் இருந்தால் ஒரே சர்வே எண்ணில் இரண்டு நிலங்கள். லினக்ஸ் எதை எடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது; நேற்று எழுதிய கடிதம் இன்று காணோம் என்று திகைக்க நேரும். விண்டோஸ் வேறு விதம். ஒரே கையொப்பத்தோடு இரண்டு டிஸ்க்கைக் கண்டால் ஒன்றை ஆஃப்லைனில் வைத்துவிடும். உதவியாக இருக்கட்டும் என்று நாம் அதை ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால், அதற்குப் புதிய கையொப்பம் எழுதிவிடும். அந்தக் கணமே நகலின் பூட் குறிப்பு செல்லாததாகிவிடும். ஒரு கிளிக்கில் நடக்கும் விபத்து இது. சரிபார்க்க விரும்பினால் அந்தப் பொத்தானைத் தொடாமல், பழையதைக் கழற்றிவிட்டு நகலை மட்டும் ஓட்டிப் பார்ப்பதே வழி.

முகவரிக் கோளாறு அல்லாத பழுதுகளும் உண்டு. சாட்டா டிஸ்க்கிலிருந்து என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கு மாறினால், எண்ணெல்லாம் சரியாக இருந்தும் டிஸ்க்கைத் தொடும் டிரைவரே எழுந்திராமல் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கலாம். பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்ற வாசகம் அதில் இருக்கும். ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் தீரும். விண்டோஸின் பிட்லாக்கர் டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களைக் கேட்கும். அதை நகலெடுக்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

போனில் மச்சினனின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு விண்டோஸின் சுழலும் புள்ளிகள் வந்துவிட்டன என்றான். கடவுச்சொல் திரைக்கு வந்ததும் அவன் எதுவும் சொல்லவில்லை. விசைப்பலகைச் சத்தம் கேட்டது. கோரல்டிராவைத் திறந்து கல்யாணப் பத்திரிகையை வரவழைத்தான். மணமக்கள் பெயருக்குப் போட்டிருந்த எழுத்துரு மாறாமல் இருந்தது.

"மாமா, திறக்குற வேகத்தைப் பாருங்களேன்."

பழைய ஹார்ட் டிஸ்க்கை மறுபடி மாட்ட வேண்டாம், அழிக்கவும் வேண்டாம் என்றேன். ஒரு பத்திரிகை உறையில் அதைப் போட்டு, மேலே தேதி எழுதி, கல்லாப்பெட்டிக்குக் கீழ் அறையில் வைத்தான்.